வறண்ட வானிலையும் ஈரப் பட்டும்

இந்தியா முழுவதற்குமான குளிர்கால வானிலை அறிக்கை, ஒன்றோடொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும் செய்திகளை அடுத்தடுத்து நிறுத்துகிறது. ஜனவரி மாதத்தில் வெளியாகும் ஓர் அறிக்கையில் காஷ்மீரிலும் இமாசலப் பிரதேசத்திலும் பனிப்பொழிவு, பஞ்சாபிலிருந்து பீகார் வரை அடர்ந்த மூடுபனி, ராஜஸ்தானில் குளிர் அலை, மத்தியப் பிரதேசத்தில் ஆலங்கட்டி மழை, தென் தமிழகக் கடலோரத்தில் இடியுடன் கூடிய மழை, நீலகிரியில் இரவு உறைபனி என அனைத்தும் அடுத்த மூன்று நாட்களுக்குள் நிகழக்கூடியவையாக ஒரே தாளில் இடம்பெறுவது உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியை அடுத்துள்ள சேவூரில் பட்டுத் தறி வைத்திருப்பவர் அந்தத் தாளில் தேடுவது தம் மாவட்டத்துக்கான ஒரே ஒரு வரியைத்தான். ஆயினும் காஷ்மீரின் பனியை முன்கூட்டிச் சொல்லும் அதே கணக்கிலிருந்துதான் அந்த ஒரு வரியும் பிறக்கிறது. அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை அறிந்தால்தான் அதனைத் தொழிலுக்குப் பயன்படுத்த இயலும்.

வானிலை முன்னறிவிப்புகள் அவை எட்டும் காலத்தைக் கொண்டு வகைப்படுத்தப்படுகின்றன. அடுத்த சில மணி நேரத்துக்கானதை உடனடி முன்னறிவிப்பு என்றும், மூன்று நாட்கள் வரைக்கானதைக் குறுகிய கால முன்னறிவிப்பு என்றும், அதற்கு மேல் ஏறத்தாழ பத்து நாட்கள் வரைக்கானதை நடுத்தரக் கால முன்னறிவிப்பு என்றும் வழங்குவர். 1875-இல் நிறுவப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறை ஜனவரி, பிப்ரவரி ஆகிய இரு மாதங்களையே குளிர்காலமாகக் கணக்கிடுகிறது; அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மாதங்கள் தெற்கே வடகிழக்குப் பருவமழைக்கு உரியவை. மார்கழியையும் தையையும் முன்பனிக் காலம் என ஒன்றாகச் சேர்க்கும் தமிழ் மரபோ இந்த எல்லைக்கோட்டின் இருபுறமும் கால் வைத்து நிற்கிறது. வட தமிழகத்தின் உள்மாவட்டங்களைப் பொறுத்தவரை மரபின் பகுப்பே நடப்புக்கு நெருக்கமானது எனலாம். மழை ஓயும் நாட்களும் பனி இறங்கும் நாட்களும் அங்கே மாறி மாறி வருகின்றன.

நாட்டின் வடபகுதியில் குளிர்காலத்தை இயக்குபவை மேற்கத்திய இடையூறுகள் எனப்படும் தாழ்வழுத்த அமைப்புகளாகும். நடுநிலக் கடல் பகுதியிலிருந்து புறப்பட்டு, தரைக்கு ஏறத்தாழ 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக விரைந்தோடும் தாரைக் காற்றின் போக்கில் ஈரானையும் ஆப்கானிஸ்தானையும் கடந்து வரும் இவ்வமைப்புகள், மாதத்துக்கு நான்கு முதல் ஆறு வரை இந்தியாவை அடைகின்றன. இமயத்தில் பனிப்பொழிவையும் சமவெளியில் கோதுமைக்கு உயிரூட்டும் மென்மழையையும் கொடுத்துவிட்டு அவை கிழக்கே நகர்ந்த பின், அவற்றின் பின்னாலிருந்து வடமேற்குக் காற்று கீழிறங்குகிறது, வானம் தெளிகிறது, மழையால் நனைந்த நிலம் இரவில் வேகமாக வெப்பத்தை இழக்கிறது, அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ குளிர் அலையும் மூடுபனியும் வருகின்றன. சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கும் கீழாக இறங்கி, இயல்பைவிட 4.5 டிகிரியேனும் குறைந்தால் குளிர் அலை எனும் சொல்லைத் துறை பயன்படுத்துகிறது. பார்வை எட்டும் தொலைவு 200 மீட்டருக்குக் கீழே போனால் மூடுபனி அடர்ந்தது என்றும், 50 மீட்டருக்கும் கீழே போனால் மிக அடர்ந்தது என்றும் குறிக்கப்படுகிறது. இடையூறு எப்போது வரும் என்பது செயற்கைக்கோள் படங்களில் முன்கூட்டியே தெரிவதால், அதன் பின்விளைவான குளிரையும் மூடுபனியையும் ஓரிரு நாட்களுக்கு முன்பே சொல்வது வடஇந்தியாவில் பெருமளவு கைகூடியிருக்கிறது.

இந்த வடநாட்டுக் குளிர் சேவூரோடு எவ்வாறு தொடர்புறுகிறது என்பதே கட்டுரைக்கு மையமான கேள்வி. குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்தது. ஆகவே குளிர்கால ஆசியாவின் நிலப்பரப்பின் மேல் உயரழுத்தம் நிலைகொள்கிறது. உயரழுத்தத்திலிருந்து வெளிப்படும் காற்று தெற்கே வரும்போது வடகிழக்குத் திசைக் காற்றாகிறது. இக்காற்று தமிழகத்தை இரண்டு வழிகளில் அடைய முடியும். வங்காள விரிகுடாவின் மேலாக வந்தால், குளிர்காலத்திலும் 26, 27 டிகிரி அளவுக்கு வெதுவெதுப்பாக இருக்கும் கடற்பரப்பிலிருந்து நீராவியை வாரிக்கொண்டு கரையேறுகிறது. தெலங்கானா, ராயலசீமா வழியாகத் தரைமேலேயே வந்தால் ஈரம் ஏதும் பெறாமல் வறண்டும் குளிர்ந்தும் வந்து சேர்கிறது. கடற்கரையிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உள்ளே அமைந்துள்ள சேவூரில், காற்றின் திசை வடக்கிலிருந்து கிழக்குக்குச் சற்றே திரும்பினாலும் காலைப் பொழுதின் தன்மை அடியோடு மாறிவிடுகிறது; மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் வீசும் கிழக்குக் காற்று கடலின் ஈரத்தை ஐந்தே மணி நேரத்தில் அங்கே கொண்டுவந்து சேர்த்துவிடும். வடக்கே மேற்கத்திய இடையூறு ஒன்று கடக்கும்போது உயரழுத்தத்தின் இருப்பிடமும் வலுவும் மாறுகின்றன. அதற்கேற்பத் தெற்கே காற்றின் வழியும் மாறுகிறது. காஷ்மீர்ச் செய்தியையும் ஆரணி வட்டாரத்துச் செய்தியையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்ப்பதற்கான காரணம் இதுவே.

இதற்கு மேல், கிழக்குக் காற்றோட்டத்திலேயே தோன்றி மேற்கு நோக்கி நகரும் அலைகளும், கீழடுக்கு சுழற்சி எனச் செய்திகளில் அடிக்கடி சொல்லப்படும், தரையிலிருந்து சில கிலோமீட்டர் உயரம் வரை மட்டும் காற்று சுழன்றுவரும் அமைப்புகளும் சேர்ந்துகொண்டு மழை தருகின்றன. தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள பருவமே ஆயினும், நாட்காட்டியைப் பார்த்து மழை நிற்பதில்லை. 2021-இல் வடகிழக்குப் பருவமழை ஜனவரி 19 அன்றுதான் விலகியதாக அறிவிக்கப்பட்டது. பொங்கலையொட்டிக் கொட்டிய மழையில் காவிரிப் படுகையின் அறுவடைக்கு நின்ற நெற்பயிர் சாய்ந்தது.

மூன்று நாள் கணக்கு போடப்படும் முறையைச் சுருக்கமாகச் சொல்லலாம். காலை 5.30 மணிக்கும் மாலை 5.30 மணிக்கும் உரிய நிலையை அறிய, சென்னை மீனம்பாக்கம், காரைக்கால் உள்ளிட்ட நிலையங்களிலிருந்து கருவி கட்டிய பலூன்கள் மேலே அனுப்பப்படுகின்றன. உலகின் பிற நாடுகளும் அதே நேரத்துக்கு உரிய அளவீடுகளைச் செய்கின்றன. இவற்றோடு தரை நிலையங்கள், கப்பல்கள், விமானங்கள், 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் போன்ற செயற்கைக்கோள்கள் ஆகியவற்றின் தரவுகளும் சேர்க்கப்பட்டு, வளிமண்டலத்தின் அந்த நேரத்து நிலை கணினியில் உருவாக்கப்படுகிறது. வளிமண்டலத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, அழுத்தம், வெப்பம், ஈரம் ஆகியவை அடுத்த நிமிடத்தில் எவ்வாறு மாறும் என்று இயற்பியல் சமன்பாடுகளைக் கொண்டு கணித்து, அந்த விடையிலிருந்து அதற்கடுத்த நிமிடத்தையும் கணித்து, இவ்வாறே மூன்று நாட்களும் அதற்கு மேலும் முன்னேறிச் செல்வதே முறை. லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் 1922-இல் நூலாக வெளியிட்ட இக்கருத்து 1950-இல்தான் எனியாக் கணினியில் முதன்முறை நிறைவேறியது. தொடக்க அளவீட்டில் உள்ள மிகச் சிறிய பிழையும் நாளடைவில் பெருகிவிடும் என்பதை எட்வர்ட் லோரென்ஸ் 1963-இல் எடுத்துக்காட்டினார். அதனால் இன்று தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றிப் பல முறை கணக்கிட்டு, விடைகள் ஒன்றுபட்டால் உறுதியோடும், சிதறினால் தயக்கத்தோடும் முன்னறிவிப்பு சொல்லப்படுகிறது. இந்தியாவின் முதன்மை மாதிரிகளில் 12 கிலோமீட்டராக இருந்த கட்டத்தின் அகலம், 2025 மே 26 அன்று தொடங்கிவைக்கப்பட்ட பாரத் முன்னறிவிப்பு அமைப்பில் 6 கிலோமீட்டராகக் குறைந்துள்ளது.

கணினி தரும் எண்களைச் சென்னையிலுள்ள மண்டல வானிலை ஆய்வு மையத்தின் வல்லுநர்கள் சொற்களாக்குகின்றனர். அச்சொற்கள் பேச்சு வழக்கைப் போல் தளர்வானவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அப்பகுதியின் மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்படாதவற்றில் மழை பதிவாகும் என்றும், ‘பெரும்பாலான இடங்களில்’ என்றால் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவற்றில் பதிவாகும் என்றும் கொள்ள வேண்டும். லேசான மழை என்பது 24 மணி நேரத்தில் 2.5 முதல் 15.5 மில்லிமீட்டர் வரை. மிதமான மழை 64.4 வரை, கனமழை 115.5 வரை, மிகக் கனமழை 204.4 வரை, அதற்கு மேற்பட்டது எதுவானாலும் அதி கனமழை. இந்த 24 மணி நேரமும் காலை 8.30-இல் தொடங்கி மறுநாள் காலை 8.30-இல் முடிகிறது. ஆகவே செவ்வாய்க்கிழமை பெய்யாமல் பொய்த்துவிட்டதாகக் கருதப்படும் மழை, புதன் விடியலில் பெய்து செவ்வாயின் கணக்கிலேயே சேர்ந்திருக்கக்கூடும். ‘வறண்ட வானிலை’ என்பதற்கும் இத்தகைய வரையறை உண்டு: எந்த நிலையத்திலும் மழை பதிவாகாது என்பதே அதன் பொருள். காற்றில் ஈரம் குறைந்திருக்கும் என்ற உறுதியை அச்சொல் தருவதில்லை.

பட்டு நெசவாளருக்கு இந்த இடைவெளி மிகப் பெரியது. தறியில் ஏற்றப்படும் நெடுக்கு நூலாகிய பாவு, ஏற்றப்படுவதற்கு முன் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டப்பட்டு, அரிசிக் கஞ்சி தோய்க்கப்பட்டு, இழை இழையாகப் பிரித்து உலர்த்தப்படுகிறது. வெயில் ஏறினால் கஞ்சி சட்டென்று காய்ந்து இழை விறைத்துவிடும் என்பதால் விடியற்காலையே இவ்வேலைக்கு உரிய நேரம். பலர் சேர்ந்து செய்யும் வேலையாகையால் முந்தின நாளே ஆட்களுக்குச் சொல்லி வைக்க வேண்டியும் இருக்கிறது. சாயம் தோய்த்த நூலும் கழிகளில் மாட்டப்பட்டு நிழலிலும் காற்றிலும் உலர வேண்டும். இவ்விரு வேலைகளுக்கும் 64 மில்லிமீட்டர் மழை தேவையில்லை. கால் மணி நேரத் தூறல் போதும் கெடுப்பதற்கு. தூறலே இல்லாவிட்டாலும், காற்று ஈரத்தால் நிறைந்து நின்றால் பாவு உலராது.

காற்றின் ஈரத்தை அளக்கும் வழக்கமான அளவு ஒப்பு ஈரப்பதம். ஒரு வெப்பநிலையில் காற்று ஏற்கக்கூடிய முழு நீராவியில் எத்தனை விழுக்காடு இப்போது அதில் உள்ளது என்பதே அது. காற்று எவ்வளவு வெதுவெதுப்பாக உள்ளதோ அவ்வளவு மிகுதியாக நீராவியை ஏற்கும். 18 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 15 கிராம் நீராவியையும், 30 டிகிரியில் ஏறத்தாழ 30 கிராமையும் ஏற்கிறது. ஆகவே விடியலில் 18 டிகிரியில் 15 கிராம் நீராவி கொண்ட காற்றின் ஒப்பு ஈரப்பதம் நூறு விழுக்காடு. அதே காற்று, அதே நீராவியோடு, நண்பகலில் 30 டிகிரிக்கு வெப்பமடையும்போது ஒப்பு ஈரப்பதம் ஐம்பது விழுக்காடாகப் பாதியாகிவிடுகிறது. ஒரு நாள் முழுவதற்கும் சராசரியாகத் தரப்படும் ஈரப்பதம் பாவு உலரும் வேளையைப் பற்றி எதையும் தெரிவிப்பதில்லை.

மழை ஓய்ந்து வானம் தெளிந்த முதல் இரண்டு மூன்று இரவுகளே இதில் மிகவும் கவனிக்கத்தக்கவை. மேகம் இருந்தால் தரையிலிருந்து வெளியேறும் வெப்பத்தில் ஒரு பகுதியை அது திருப்பி அனுப்பும். மேகம் கலைந்து, காற்றும் அடங்கி, நீண்ட மார்கழி இரவும் வாய்த்தால் தரை வேகமாகக் குளிர்கிறது. அதனை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, எந்த வெப்பநிலையில் நீராவி நீராகத் தொடங்குமோ அந்தப் பனிநிலையைத் தொடுகிறது. நனைந்த வயல்களும் நிரம்பிய ஏரிகளும் நீராவியைத் தந்துகொண்டிருக்க, மேற்கே ஜவ்வாது மலைச் சரிவுகளில் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே வழிந்து தாழ்வான நிலங்களில் தேங்க, விடியலில் புல்லில் பனித்துளியும் வெளியில் மூடுபனியும் காணப்படுகின்றன. அறிக்கை அன்றைக்கு ‘வறண்ட வானிலை’ என்றே சொல்லும். அதன் வரையறைப்படி அது சரியாகவும் இருக்கும். தெருவில் கட்டிய பாவுக்கோ அந்த வாரத்திலேயே மிகவும் ஈரமான காலை அதுவாகத்தான் இருக்கும்.

பட்டு ஈரத்தை விரும்பி வாங்கும் இழை. 65 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்தில் பட்டு தன் உலர் எடையில் ஏறத்தாழ 11 விழுக்காடு நீரைத் தன்னுள் வைத்திருக்கிறது. காற்று மேலும் ஈரமானால் தொடுவதற்கு ஈரமாகத் தெரியாமலேயே தன் எடையில் முப்பது விழுக்காடு வரை நீரை ஏற்கிறது. ஈரம் கூடினால் இழை உறுதி குறைந்து நெகிழ்கிறது, கஞ்சி பிசுபிசுத்து அடுத்தடுத்த இழைகள் ஒட்டுகின்றன, சேலையின் வடிவத்தைத் தறிக்குக் காட்டும் ஜக்கார்டு அட்டைகளும் ஈரம் வாங்குகின்றன. தரைக்குக் கீழே கால் வைத்து நெய்யும் குழித்தறிகளின் நிலை இன்னும் கடினம். அடைமழைக்குப் பின் நிலத்தடி நீர் உயர்ந்து தறிக்குழிக்குள் ஊறிவிட்டால், மழை நின்று பல நாட்களான பின்பும் நெசவு நடவாது. அந்நாட்களின் கூலியை யாரும் ஈடுசெய்வதில்லை.

முன்னறிவிப்பின் எல்லைகளையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் என்று பின்னர் பெயர் பெற்ற அமைப்பு, இலங்கையின் கிழக்குக் கரையோரமாக மெதுவாக நகர்ந்து, வலுக்கூடுமா குறையுமா என்பதில் கணக்குகளை ஒன்றுபடவிடாமல், 29 அன்று புயலாகி, 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பின் நகராமல் பல மணி நேரம் அங்கேயே நின்றதே பேரழிவுக்குக் காரணமாயிற்று: விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பதிவானது, உள்ளே நகர்ந்தபோது கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையிலும் அதே அளவை ஒட்டி மழை கொட்டியது, திருவண்ணாமலையில் டிசம்பர் 1 அன்று மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் உயிரிழந்தனர். கடலோரத்தில் கனமழை வரும் என்பது முன்பே சொல்லப்பட்டிருந்தது; அமைப்பு எங்கே எவ்வளவு நேரம் நிற்கும் என்பதுதான் மூன்று நாள் முன்னறிவிப்புக்கு அகப்படாத செய்தி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தபோது வேறொரு குறை வெளிப்பட்டது: 20.4 சென்டிமீட்டரைத் தாண்டிய எல்லா மழைக்கும் அதி கனமழை என்ற ஒரே பெயர் இருக்கும்வரை, 25 சென்டிமீட்டரையும் 95 சென்டிமீட்டரையும் வேறுபடுத்தி எச்சரிக்க அறிக்கையில் சொல் இல்லை.

பெரிய அமைப்பு ஏதுமின்றியும் கணக்கு தவறக்கூடும். 2021 டிசம்பர் 30 அன்று சென்னையின் கடலோரப் பகுதிகளில் சில மணி நேரத்தில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அன்று எதிர்பார்க்கப்பட்டதோ மிதமான மழைதான். சில கிலோமீட்டர் அகலமே கொண்ட மழைமேகத் தொகுதிகள் ஒரே இடத்தில் அடுத்தடுத்து எழுவதை 12 கிலோமீட்டர் கட்டத்தால் காண இயலாது. டாப்ளர் ரேடார்தான் காண முடியும், அதுவும் மேகம் எழுந்த பிறகே. ஆகையால் மூன்று நாள் முன்னறிவிப்பை வேலைத் திட்டத்துக்கும், முந்தின மாலை அறிக்கையை முடிவுக்கும், விடியலில் வெளியாகும் உடனடி முன்னறிவிப்பைக் கடைசிச் சரிபார்ப்புக்கும் எனப் பிரித்துப் பயன்படுத்துவதே அறிவுடைமை.

இத்தனை எல்லைகளுக்குள்ளும் நெசவாளருக்குத் தேவையானவற்றில் பெரும்பகுதியை இன்றைய அறிவியலால் கொடுக்க முடியும் என்பது வருத்தத்தோடு குறிப்பிடத்தக்கது. ஏனெனில் அது கொடுக்கப்படுவதில்லை. விடியற்கால ஈரப்பதம், மூடுபனிக்கான வாய்ப்பு, காற்றின் திசை, தூறல் ஆகியவற்றைக் கணினி மாதிரிகள் மணிக்கு மணி கணித்தே வைத்திருக்கின்றன. உழவருக்கு வாரந்தோறும் செவ்வாயும் வெள்ளியும் வேளாண் வானிலை அறிவுரை மாவட்ட வாரியாகச் செல்கிறது. எப்போது மருந்து தெளிக்கலாம், எப்போது அறுக்கலாம் என்று அதில் சொல்லப்படுகிறது. மீனவருக்குக் கடல் எச்சரிக்கை நாள்தோறும் செல்கிறது. 2024 அக்டோபர் முதல் ஊராட்சி அளவிலேயே ஐந்து நாள் முன்னறிவிப்பு கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. ஆரணி, சேவூர், காஞ்சிபுரம், திருபுவனம் போன்ற ஊர்களில் வானத்தின் கீழ் பாவு நீட்டும் நெசவாளருக்கென்று இத்தகைய ஒரு வரியும் எழுதப்படுவதில்லை.

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையமும் தமிழக அரசின் கைத்தறித் துறையும் சேர்ந்து, அக்டோபர் முதல் பிப்ரவரி வரையேனும், நெசவு ஊர்களுக்கு மாலைதோறும் ஓர் அறிவிப்பை அனுப்ப வேண்டும்: மறுநாள் காலை நான்கு மணி முதல் ஒன்பது மணி வரை ஈரப்பதம் எவ்வளவு, தூறலுக்கு வாய்ப்பு உண்டா, பாவு நீட்டலாமா, ஒரு நாள் தள்ளிப்போடலாமா என்ற நான்கு செய்திகள் அதில் இருந்தால் போதும். அவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களின் பலகையிலும் நெசவாளரின் கைப்பேசியிலும் சேர்ப்பதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை.